ஐம்புள்ளி நடவு

ஐம்புள்ளி நடவு (குவின்கன்க்ஸ்) என்பது ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மரம் வைத்து, அதே அமைப்பைத் தோட்டம் முழுவதும் தொடரும் பழைய உரோமானிய நடவு முறையாகும். நேராகப் பார்த்தாலும் சாய்வாகப் பார்த்தாலும் மரங்கள் வரிசையாகத் தெரிவது இதன் சிறப்பு.

பெயர்

இலத்தீனில் இச்சொல் 'ஆஸ்' என்ற நாணயத்தின் பன்னிரண்டில் ஐந்து பங்கைக் குறித்தது. அம்மதிப்புள்ள காசில் ஐந்து புள்ளிகள் இருந்தன. பகடையில் உள்ளதுபோல் ஐந்து புள்ளிகளை வைக்கும் அமைப்புக்கும் பின்னர் அப்பெயரே வழங்கியது.

சைரசின் தோட்டம்

பாரசீக இளவரசர் இளைய சைரஸ், சார்டிஸ் நகரிலிருந்த தம் தோட்டத்தை எசுபார்த்தத் தளபதி லைசாந்தருக்குக் காட்டிய நிகழ்வைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் பதிவு செய்துள்ளார். சம இடைவெளியில் நின்ற மரங்களையும் நேரான வரிசைகளையும் லைசாந்தர் வியந்தார். அளவிட்டு வகுத்தது தாமே என்றும், சில மரங்களைத் தம் கையாலேயே நட்டதாகவும் சைரஸ் கூறினார். நறுமணம் பூசி நகை அணிந்திருந்த இளவரசரிடமிருந்து வந்த அச்சொற்களை லைசாந்தரால் எளிதில் நம்ப முடியவில்லை. சைரஸ் கி.மு. 401-இல் தம் அண்ணன் இரண்டாம் அர்தசெர்க்சுக்கு எதிரான போரில் இறந்தார்.

உரோமில்

வெர்ஜில், குயின்டிலியன் ஆகியோர் ஒழுங்கான நடவு கண்ணுக்கு மட்டுமன்றி மண்ணுக்கும் நல்லது என்றனர். எல்லா மரங்களும் மண்ணின் சாரத்தைச் சமமாகப் பெறும் என்பது அவர்கள் கருத்து.

போரிலும் இவ்வமைப்பு பயன்பட்டது. கி.மு. 52-இல் அலேசியா முற்றுகையின்போது சீசரின் படையினர் மூன்றடி ஆழக் குழிகளை எட்டு வரிசைகளில் இவ்வாறு தோண்டினர். உள்ளே கூரிய கழிகளை நட்டு, மேலே சுள்ளிகளால் மூடினர். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் குழி அமைந்ததால், நேராக ஓடி வருபவர் தப்புவது கடினம். தோட்டத்தில் அழகு தந்த ஒழுங்கு இங்கே பொறியாயிற்று.

வரிசைகள் தெரியும் காரணம்

சீரான கட்டத்தில் எந்த இரு மரங்களை இணைத்துக் கோடு நீட்டினாலும், அக்கோட்டில் சம தூரத்தில் மேலும் மரங்கள் வரும். பத்தடிச் சதுர நடவில் வரிசைகளின் இடைவெளி 10 அடி. மூலைவிட்டத் திசையில் மரங்கள் சுமார் 14 அடிக்கு ஒன்றாக நிற்கும். வரிசைகளின் இடைவெளி 7 அடியாகக் குறையும். இவ்விரு அளவுகளின் பெருக்கம், அதாவது ஒரு மரத்துக்குரிய பரப்பு, எத்திசையிலும் 100 சதுர அடியே. எனவே கோட்டில் மரங்கள் விலகி நிற்கும் திசைகளில் வரிசைகள் நெருங்கி, நடுவிலுள்ள பாதை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பிற்காலம்

1658-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பிரவுன், சைரசின் தோட்டத்தைத் தலைப்பாகக் கொண்ட நூலில் இவ்வமைப்பைச் செடிகளிலும் கலைகளிலும் தேடினார். ஆயினும் செனபோன் ஐம்புள்ளி என்று சொல்லவில்லை. வரிசைகள் செங்கோணத்தில் அமைந்தன என்றே எழுதினார். அந்நிகழ்வை கி.மு. 44-இல் இலத்தீனில் திருப்பிச் சொன்ன சிசெரோவே ஐம்புள்ளிச் சொல்லைச் சேர்த்தவர். எனினும் இரு விவரிப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. சம இடைவெளிச் சதுர நடவை மூலையிலிருந்து பார்த்தால் அதுவே ஐம்புள்ளி நடவாகத் தோன்றும்.