பகைவரும் பகிர்ந்துகொண்ட நீர்மட்டக் கணக்கு

வடகிழக்குப் பருவமழையில் கிளந்தான் ஆறு பெருகினால், மேல்நிலத்தில் நீர்மட்டத்தை அளப்பதும் கீழ்நிலத்து மக்களை எச்சரிப்பதும் ஒரே நாட்டு அரசின் பணி. மேக்கோங் ஆற்றுக்கு அந்த வசதி இல்லை. திபெத்தியப் பீடபூமியில் பிறந்து சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளைத் தொட்டுக் கடலில் கலக்கும் அவ்வாற்றில், மேலே இருப்பவர் சொன்னால்தான் கீழே இருப்பவருக்குத் தெரியும். அவ்விருவரும் பகைவராக இருந்தால்? ஆசியான் அமைப்பின் வரலாற்றைப் பாடமாகச் சொல்லும் நாம், அது தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் அமைப்பைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

1957ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தென் வியட்நாம் ஆகிய நான்கும் சேர்ந்து மேக்கோங் குழுவை அமைத்தன. அணைகள் கட்டுவதே அவற்றின் பெருங்கனவு. ஆனால், ஆய்வுக்கு வந்த ஜெனரல் வீலர் தலைமையிலான நிபுணர்கள், முதலில் ஆற்றை அளக்கும்படி அறிவுறுத்தினர். அளவுகோல் நடுவதும் மழையைக் குறிப்பதும் பெருமை தரும் வேலையன்று. எனினும் அதுதான் நிலைத்தது. கம்போடியா 1961இல் தாய்லாந்துடனும் 1963இல் தென் வியட்நாமுடனும் தூதரக உறவை முறித்துக்கொண்டது. அப்போதும் அந்நாட்டினர் ஒரே மேசையில் அமர்ந்து ஆற்றைப் பற்றிப் பேசினர். 1966இல் இக்குழுவுக்கு ராமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் லாவோஸ் தலைநகர் வியந்தியான் வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகே, 1970இல், முறையான வெள்ள முன்னறிவிப்புத் தொடங்கியது. வியந்தியானுக்கு மேலே கட்டத் திட்டமிட்ட பா மோங் பேரணையோ இன்றுவரை எழவில்லை. என் கருத்தில், அக்குழுவின் உண்மையான சாதனை கான்கிரீட்டில் இல்லை. நாள்தோறும் எல்லை கடந்த எண்களில் இருக்கிறது.

1975க்குப் பின் கம்போடியா விலகியது. 1978 முதல் மற்ற மூன்று நாடுகளும் இடைக்காலக் குழுவாகத் தொடர்ந்தன. 1995 ஏப்ரல் 5ஆம் நாள் சியாங் ராய் நகரில் நான்கு நாடுகளும் கையெழுத்திட, மேக்கோங் ஆற்று ஆணையம் பிறந்தது.

மேல்நிலத்துச் சீனா உறுப்பினராகவில்லை. 2002இல் அது வெள்ளக் காலத்தில் மட்டும் தன் நிலையங்களின் நீர்மட்டத்தையும் மழையளவையும் தர ஒப்புக்கொண்டது. ஆனால், தகவல் வந்தவுடன் நம்பிக்கையும் வந்துவிடவில்லை. 2008 ஆகஸ்டில் வியந்தியானில் நீர்மட்டம் 1966ஆம் ஆண்டின் உயரத்தையும் தாண்டியது; மக்கள் மணல்மூட்டை அடுக்கி நகரைக் காத்தனர். சீன அணைகளே காரணம் என்று கரையோர மக்கள் பலர் குற்றஞ்சாட்ட, ஆணையம் மழைதான் காரணம் என்றது. அப்போது அங்கிருந்த அணைகளின் கொள்ளளவு அத்தகைய வெள்ளத்தை உண்டாக்கப் போதாது என்பது அதன் விளக்கம். ஆண்டு முழுவதும் தகவல் தரச் சீனா இணங்கியது 2020இல்தான்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிய வேண்டிய ஆண்டு 2000. அவ்வாண்டு வெள்ளத்தில் கம்போடியாவிலும் வியட்நாமிலும் 800 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். முன்னறிவிப்பு தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன! வியட்நாமின் கழிமுகச் சமவெளியில் வெள்ளம் பொதுவாகத் திடீரென்று பாய்வதில்லை. மெல்ல ஏறி வாரக்கணக்கில் நிற்கும். வண்டலும் மீனும் தருவதால் உழவர் அதை வரவேற்கவும் செய்வர். நீர் வருமென்று தெரிந்தாலும், வீட்டைச் சூழ்ந்த நீரில் தவறி விழும் நான்கு வயதுப் பிள்ளையை நீர்மட்டக் கணக்கு காப்பாற்றாது. பெற்றோர் வலை வீசவோ கூலி வேலைக்கோ போயிருப்பர்.

அதனால் தோங் தாப் போன்ற மாநிலங்களில் வெள்ளக் காலத்துக்கென்றே அவசர மழலையர் வகுப்புகள் நடத்தப்பட்டன. காலையில் பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவர். மாலையில் அழைத்துச் செல்வர். நீர் வடிந்ததும் வகுப்பும் முடிந்துவிடும்.