உருக்கின் மேனி உரைக்கும் சான்று

பழம்பொருளொன்றின் மெய்மையை ஆராய்வோர் அதன் பொலிவைக் கண்டு மயங்குவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, பொலிவே பலவேளைகளில் ஐயத்திற்கு இடமாகும். நூதனசாலைகளிலும் சேகரிப்பாளரிடத்தும் காணப்படும் அப்படைக்கலங்களுட் பல, போரின் பின்னர் புதுமெருகு பெற்றவை. தொழிற்சாலையிற் பெற்ற மேனி எது, பிற்காலத்தார் ஏற்றிய மேனி எது என்று எங்ஙனம் பிரித்தறிவது?

துப்பாக்கியின் கருநீல நிறம் வர்ணப் பூச்சன்று. உருக்கின் மீது அளவோடு வளர்க்கப்பட்ட ஒருவகைத் துரு. 1908ஆம் ஆண்டில் ஜேர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கிக்குப் பழைய முறையிலேயே நிறமூட்டினர். எண்ணெய்ப் பசை போக்கிய உருக்கின் மீது அமிலக் கரைசலைத் தடவித் துருவேற விட்டனர். கொதிநீரிலிட, செந்துரு கருந்துருவாயிற்று. அதனைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தனர். வெளிப்புறம் மாத்திரம் இப்பதம் பெற்றது. உட்புறம் உருக்கின் வெண்மையோடு விளங்கியது. விசை முதலிய சிற்றுறுப்புகள் சூடேற்றப்பட்டு வைக்கோல் மஞ்சள் நிறம் பெற்றன.

1937ஆம் ஆண்டளவில் ஒபெண்டோர்ஃப் நகரத்து மௌசர் தொழிற்சாலை இம்முறையைக் கைவிட்டது. எரிசோடாவும் நைத்திரேற்று உப்பும் கலந்து, ஏறக்குறைய 140 பாகை செல்சியசிற் கொதிக்கும் தொட்டியில் உறுப்புகள் தோய்க்கப்பட்டன. வேலை விரைந்து முடிந்தது. உள்ளும் புறமும் ஒருங்கே கறுத்தன. மஞ்சள் நிறமும் மறைந்தது. எனவே, 1941ஆம் ஆண்டு மௌசர் லூகரில் மஞ்சள் விசையும் வெண்ணிற உட்புறமும் காணப்படின், அது பிற்காலத்தார் கைவேலையோ என ஐயுறல் தகும்.

போர் முற்றியபோது மெருகிடுதற்கு நேரமும் ஆளும் அரிதாயின. 1944, 1945ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட வால்ட்டர் பி 38 கைத்துப்பாக்கிகளில் கடைசல் கருவிகளின் தடங்கள் அப்படியே தெரியும். சில படைக்கலங்களின் உறுப்புகளில் சாம்பல் நிறப் பொசுபேற்று மேனியும் இடம்பெற்றது. கண்ணாடிபோல் மின்னும் 1945ஆம் ஆண்டுப் படைக்கலம், அழகாயிருத்தலாலேயே ஐயத்திற்குரியதாகிறது.

முத்திரைகளும் சான்று கூறும். உருக்கில் அச்சு அழுந்தும்போது அதன் ஓரத்தில் உலோகம் நுண்ணிதாக மேலெழும். பின்னர் மெருகிடுவோன் அவ்வெழுச்சியைத் தேய்த்துவிடுவான். எழுத்தின் ஆழம் குறையும், ஓரங்கள் மழுங்கும், திருகாணித் துளைகளின் விளிம்பு குழியும். துருப் பள்ளங்களுக்குள்ளும் நீலம் படிந்திருப்பின், பள்ளம் முந்தியது, நீலம் பிந்தியது என்பது வெளிப்படை.

ஆயினும், புதுக்கப்பட்டவை யாவும் போலியல்ல. சோவியத் படைக்கலச் சாலைகள், கைப்பற்றிய துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, புதிதாக நிறமூட்டின. மின்கருவியாற் புதிய எண்களையும் கீறின. 1945 ஏப்ரலில் ஒபெண்டோர்ஃபைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், எஞ்சிய உறுப்புகளைக்கொண்டு பி 38 கைத்துப்பாக்கிகளை 1946 வரை செய்வித்தனர். அவற்றின் சாம்பல் மேனியும் நட்சத்திர முத்திரையும், ஆயுதம் கைமாறிய கதையை உரைப்பன.

அம்மேனிக்குப் பின்னால் மாந்தரும் உளர். ஒபெண்டோர்ஃபில் அயல்நாட்டார் கட்டாய வேலை செய்விக்கப்பட்டனர். ஹம்பேர்க் நகரை அடுத்த நொயன்காம வதைமுகாமில், வால்ட்டர் நிறுவனத்தின் துப்பாக்கி உறுப்புகளைக் கைதிகளே செய்தனர். முத்திரைகளில் அதிகாரிகளின் குறிகள் உண்டு. உழைத்தோர் பெயர்கள் இல்லை. அவசரத்தையும் வறுமையையும் காட்டும் அக்கருவித் தடங்களே அக்காலத்தின் எச்சம். விலையை உயர்த்தும் பொருட்டு அவற்றைத் தேய்த்து மினுக்குவோர் ஒரு துப்பாக்கியை அழகாக்கலாம். ஆனால், வரலாற்றின் ஒரு சாட்சியை அவர்கள் ஊமையாக்கி விடுகின்றனர்.