கடைசி இரண்டு சதவீதம்

1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நெரிசலான தெருக்களைக் காலி செய்த பிறகு, கண்டோன்மென்ட்டின் வடக்கே அகன்ற சாலைகளோடு புதிய குடியிருப்புகள் எழுந்தன. ரிச்சர்ட்ஸ் டவுன் அவற்றில் ஒன்று. கண்டோன்மென்ட்டில் கலெக்டராக இருந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஊர் விரிந்த அதே காலத்தில்தான் மின்சாரமும் வந்தது. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலை எட்டியது. 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரு நகரத் தெருவிளக்குகள் எரிந்தன. ஆற்றை நம்பிய மின்சாரம் மழையையும் நம்பித்தான் இருந்தது. பருவமழை பொய்த்த ஆண்டுகள் மின்வெட்டைக் கொண்டுவந்தன. வீடுகளுக்குள் இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் நுழைந்தன. லினக்ஸ் மடிக்கணினி சார்ஜ் குறைந்ததும் தானாக அணைவதை இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும் என்பது என் வாதம். பேட்டரி மின்வெட்டிலிருந்து நம்மை விடுவிக்கவில்லை. மின்வெட்டைக் கருவிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது.

சான்று லினக்ஸின் பழைய அமைப்புக் கோப்புகளிலேயே இருக்கிறது. மடிக்கணினி பரவுவதற்கு முன்பே, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நிரல் மின்சாரம் போன செய்தியை ‘இனிட்’ என்னும் முதல் நிரலுக்குச் சொல்லும் ஏற்பாடு இருந்தது. ரெட் ஹேட் லினக்ஸின் ‘இனிட்டேப்’ கோப்பு, மின்சாரம் நின்றால் இரண்டு நிமிடத்தில் கணினியை அணைக்கச் சொன்னது. அதற்குள் மின்சாரம் திரும்பினால் அந்தக் கட்டளையை ரத்து செய்யவும் சொன்னது. மீதமிருக்கும் மின்சாரம் வேலையைத் தொடர்வதற்கு அல்ல, ஒழுங்காக முடித்துக்கொள்வதற்கு என்ற கொள்கை அந்த இரண்டு வரிகளில் முழுமையாக இருக்கிறது. பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து கிராமத்து மக்களுக்காக வடிவமைத்த சிம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடிய கையடக்கக் கணினி. நிலையான மின்சாரத்தை நம்ப முடியாத இடங்களை நினைத்து உருவான அது, பேட்டரியில்தான் இயங்கியது.

அடுத்த மாற்றம், முடிவெடுப்பது யார் என்பதில் வந்தது. 1992-இல் வந்த ஏபிஎம் முறையில் மின்சார நிர்வாகம் பெரிதும் கணினியின் அடிப்படை நிரலான பயாஸின் பிடியில் இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏசிபிஐ அதை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. லினக்ஸ் அதையும் தாண்டி, அந்த முடிவை உரிமையாளர் திறந்து திருத்தக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பில் வைத்தது. இன்று அந்த வேலையைச் செய்யும் ‘யூபவர்’ என்னும் நிரலின் வழக்கமான அமைப்பில், சார்ஜ் 2 சதவீதத்துக்கு இறங்கியதும் கணினி நினைவகத்தை வட்டில் எழுதிவைத்து உறங்கப் பார்க்கும். அது இயலாத கணினியில் நேராக அணைத்துவிடும்.

இப்படித் தானாக அணைவது இனித் தேவையில்லை என்பாருண்டு. 2001-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்-3 போன்ற, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் கோப்பு முறைமைகள் திடீர் மின்தடையைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜர்னல் முதன்மையாகக் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. இன்னும் வட்டில் எழுதப்படாத பக்கத்தை அது மீட்டுத் தராது. வட்டில் எழுதாமல் கணினியை உறங்கவைக்கும் ‘சஸ்பெண்ட்’ போதும் என்பதும் நிற்காது: அந்த நிலையிலும் நினைவகம் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும், இருப்பு தீர்ந்தால் எல்லாம் போகும். பயனரைக் கேளாமல் அணைப்பது அத்துமீறல் என்ற மறுப்புக்கு மட்டும் கனம் உண்டு. அதற்கு விடை, எல்லையை நீக்குவதல்ல, நாமே வகுப்பது. பழைய பேட்டரியின் சதவீதக் கணக்கு பிசகக்கூடியது. 2 காட்டும்போதே அது கைவிடலாம். அத்தகைய கணினியில் அந்த எண்ணை 5 ஆகவோ 10 ஆகவோ உயர்த்துவது உரிமையாளரின் பொறுப்பு. மின்வெட்டோடு வாழ்ந்த தலைமுறை கற்ற முன்னேற்பாடு அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. அதை அறிந்து வைத்திருக்கும் உரிமையை விட்டுவிடக் கூடாது.