வீட்டு இசை வழங்கியின் வலையமைப்புச் சிக்கல்கள்

வீட்டு இசை வழங்கி என்பது ஒரு வீட்டில் உள்ள பாடல் கோப்புகளை ஓரிடத்தில் சேமித்து வைத்து, வீட்டு வலையமைப்பின் வழியாகப் பிற கருவிகளுக்கு அளிக்கும் சிறு கணினி ஆகும். பேச்சு வழக்கில் இது மியூசிக் சர்வர் எனப்படுகிறது. கைப்பேசி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கியுடன் இணைந்த இயக்கி முதலியவை இதிலிருந்து பாடல்களைப் பெற்று ஒலிக்கின்றன. இவை வாங்கிகள் எனப்படும். இத்தகைய வழங்கியை நிறுவுவோர் சந்திக்கும் தடைகள் பெரும்பாலும் இசை மென்பொருளில் தோன்றுவதில்லை. திசைவி, கம்பி, முகவரி, மின்சாரம் ஆகியவற்றில் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டறியும் முறைகளும் தீர்வுகளும், சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதி வீடுகளின் நிலையையும் கருத்தில் கொண்டு, இங்கு விளக்கப்படுகின்றன.

பின்னணி

சிலிம் டிவைசசு என்ற அமெரிக்க நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் வலையமைப்பு வழியே பாடல் ஒலிக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. அதற்கெனப் பெர்ல் மொழியில் எழுதப்பட்ட சிலிம்சர்வர் என்னும் கட்டற்ற மென்பொருள் வீட்டுக் கணினியில் இயங்கியது. 2006 இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012 இல் அக்கருவிகளின் விற்பனை கைவிடப்பட்டது. 2024 இல் அவற்றுக்கான இணையச் சேவையும் நிறுத்தப்பட்டது. ஆயினும் தம் வீட்டிலேயே வழங்கியை வைத்திருந்தவர்களின் பாடல்கள் நிற்கவில்லை. அம்மென்பொருளைத் தன்னார்வலர்கள் இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் பேணி வருகின்றனர். 2003 இல் தொடங்கிய மியூசிக் பிளேயர் டீமன், பின்னர் வந்த நாவிட்ரோம், செல்லிபின் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள்களே. 2012 இல் வெளிவந்த ராசுபெரி பை போன்ற சிறு கணினிகள் இவற்றை இயக்கப் போதுமானவை.

தமிழ்நாட்டில் இதன் தேவைக்குத் தனிக் காரணம் உண்டு. 1935 இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்சு போன்ற நிறுவனங்களின் திரைப்பாடல்களில் பல இன்று இணைய இசைச் சேவைகளில் கிடைக்கின்றன. ஆனால் ஊர்த் திருவிழாவில் ஒலிநாடாவில் பதிந்த தெருக்கூத்து, கோயில் பசனை, பாட்டியின் தாலாட்டு, ஒப்பாரி ஆகியவை எந்தச் சேவையிலும் கிடைக்கா. ஒரே ஒரு படியாக ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் பதிவுகள் அவை. வழங்கி வேலை செய்யவில்லை என்று சலித்து அதை மூலையில் போட்டுவிட்டால், அப்பதிவுகளையும் எவரும் கேட்பதில்லை.

தேவைப்படும் வேகம்

பாடல் விட்டுவிட்டு ஒலித்தால் இணைய வேகம் போதவில்லை என்று எண்ணுவது வழக்கம். இது தவறான எண்ணம். குறுந்தகட்டின் ஒலியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள் உள்ளன. இவற்றைப் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட், அதாவது ஏறத்தாழ 1.4 மெகாபிட் வரும். எம்பி3 கோப்புக்கு 128 முதல் 320 கிலோபிட் போதும். மிகப் பழைய 100 மெகாபிட் கம்பியும் இதைப்போல் எழுபது மடங்கு தாங்கும். மேலும், பாடல் வழங்கியிலிருந்து திசைவிக்கும் அங்கிருந்து வாங்கிக்கும் செல்கிறது. இணையம் அவ்வழியில் இல்லை. எனவே கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவதால் பயன் ஏதும் விளையாது.

பிழை இருக்கும் இடத்தைப் பிரித்தறிதல்

சிறந்த வழி, பாடல் செல்லும் பாதையைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனியே சோதிப்பதாகும். முதலில் வழங்கி இயங்கும் கணினியிலேயே ஒரு பாடலை ஒலிக்கச் செய்ய வேண்டும். அங்கேயே ஒலிக்கவில்லை எனில் கோப்பிலோ வட்டிலோ பிழை உள்ளது. வலையமைப்பைத் தொட வேண்டியதில்லை. அடுத்து, அக்கணினியிலிருந்து திசைவிக்குப் பிங் கட்டளை அனுப்ப வேண்டும். அதன் பிறகு வேறொரு கணினியிலிருந்து வழங்கிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நூறு முறை அனுப்பி, எத்தனை மறுமொழிகள் தவறின, மறுமொழி நேரம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று பார்ப்பது நல்லது. சராசரி நேரத்தைவிட இந்த ஏற்ற இறக்கமே முதன்மையானது. எப்போதும் 20 மில்லிநொடி எடுக்கும் இணைப்பில் பாடல் தடையின்றி ஒலிக்கும். வழக்கமாக 2 மில்லிநொடியில் மறுமொழி தந்து, இடையிடையே சில நொடிகள் ஊமையாகும் இணைப்பில் திக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கம்பியையும் அமைப்பையும் ஒருசேர மாற்றியவருக்கு எதனால் சரியானது என்பது தெரியாது. அடுத்த முறை பிழை வரும்போது அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

முகவரிச் சிக்கல்கள்

வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரியாக இருக்கும். திசைவி இதனை டிஎச்சிபி என்னும் நெறிமுறையால் வழங்குகிறது. குறித்த காலத்துக்கு மட்டும் வாடகைக்கு விடுவது போன்றது இது.

மிகப் பரவலான சிக்கல் ஒரே வீட்டில் இரண்டு திசைவிகள் இருப்பதாகும். இணையச் சேவையாளர் பொருத்தும் ஒளியிழை மோடமே ஒரு திசைவிதான். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று வேறொரு திசைவியை வாங்கி இணைத்தால், அது தனக்கெனத் தனி வலையமைப்பை உருவாக்கிவிடும். கீழே உள்ள வழங்கியின் முகவரி 192.168.1 என்றும், மாடியில் உள்ள கைப்பேசியின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கினால் ஐயமின்றி இதுவே காரணம். இரண்டிலும் இணையம் தடையின்றிக் கிடைப்பதால் பலர் இதனைக் கவனிப்பதில்லை. இரண்டாவது திசைவியை அணுகல் புள்ளி நிலைக்கு மாற்ற வேண்டும். அவ்வசதி இல்லாத பழைய கருவியில் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, முதல் திசைவியோடு மோதாத முகவரி ஒன்றை அதற்குக் கொடுத்து, கம்பியை இணையத் துளையில் செருகாமல் பிற துளைகளுள் ஒன்றில் செருகினால் அதே பயன் கிட்டும்.

மற்றொன்று, மின்சாரம் போய் வந்த பின் வழங்கி காணாமற் போவது. மின்சாரம் திரும்பும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் விழிக்கின்றன. திசைவி முழுமையாக எழுவதற்கு முன்பே வழங்கி முகவரி கேட்டு, மறுமொழி கிடைக்காமல், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்வதுண்டு. இம்முகவரியைக் கண்டால் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று பொருள். சில வேளைகளில் முகவரி கிடைத்தாலும் அது புதியதாக இருக்கும். நேற்று 5 இல் முடிந்தது இன்று 9 இல் முடியும். கைப்பேசியோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். திசைவியின் அமைப்புப் பக்கத்தில், வழங்கியின் வன்பொருள் முகவரிக்கு ஒரே ஐபி முகவரியை ஒதுக்கி வைப்பது இதற்குத் தீர்வாகும். வழங்கியிலேயே நிலையான முகவரியை எழுதி வைக்கவும் இயலும். எனினும் திசைவியில் ஒதுக்குவதே மேல். எல்லா முகவரிகளையும் ஒரே இடத்தில் காணலாம்.

கண்டறிதல் சிக்கல்கள்

இசைச் செயலிகள் வழங்கியைத் தாமாகவே தேடிப் பிடிக்கின்றன. மல்டிகாஸ்ட் எனப்படும் குழு அறிவிப்பின் மூலம் இது நிகழ்கிறது. டிஎல்என்ஏ வகைக் கருவிகள் 239.255.255.250 என்னும் முகவரிக்கு, 1900 ஆம் போர்ட்டில், "யாரேனும் உள்ளீரா" என்று கேட்கும். எம்டிஎன்எசு முறையில் 224.0.0.251 முகவரியும் 5353 ஆம் போர்ட்டும் பயன்படுகின்றன. இவ்வழைப்புகள் திசைவியைத் தாண்டிச் செல்லா. விருந்தினர் வைஃபையிலும், வாங்கிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அமைப்பு இயங்கும் திசைவியிலும் இவை தடுக்கப்படும்.

கண்டறிதல் வேறு, இணைதல் வேறு என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். செயலியில் வழங்கி தெரியவில்லை எனில், கைப்பேசி உலாவியில் வழங்கியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் நேரே தட்டிப் பார்க்கலாம். இயல்பிருப்பாக லிரியனுக்கு 9000, நாவிட்ரோமுக்கு 4533, செல்லிபினுக்கு 8096. பக்கம் திறந்தால் பாதை நன்றாக உள்ளது, தேடல் மட்டுமே பழுது. செயலியில் முகவரியைக் கையால் எழுதிவிட்டால் போதும். பிங் மறுமொழி வந்தும் பக்கம் திறக்கவில்லை எனில் வழங்கி மென்பொருள் இயங்காமலிருக்கலாம், அல்லது ஃபயர்வால் எனப்படும் தீயரண் தடுக்கலாம். விண்டோசில் வீட்டு வலையமைப்பு தவறுதலாகப் பொது வலையமைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தாலும் இவ்வாறு நேரும்.

இணையம் நின்றால் பாட்டும் நின்றுவிடுகிறது என்ற முறையீட்டின் காரணம் பல வேளைகளில் கைப்பேசியே ஆகும். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டவுடன் சில கைப்பேசிகள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். அப்போது கைப்பேசி வீட்டு வலையமைப்பிலேயே இருப்பதில்லை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயன்றால் பாடல் மீண்டும் ஒலிக்கும்.

வைஃபையும் கம்பியும்

வழங்கியை வைஃபையில் இணைப்பது தவிர்க்கத்தக்கது. வழங்கி, வாங்கி இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாடலும் காற்றில் இருமுறை பயணிக்கிறது: ஒருமுறை திசைவிக்கு, மறுமுறை வாங்கிக்கு. வழங்கியைத் திசைவியின் அருகிலேயே வைத்து ஒரு சிறு கம்பியால் இணைத்தால் பாதிச் சுமை குறையும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. நெருக்கமான தெருக்களில் அண்டை வீட்டாரும் இவற்றையே பயன்படுத்துவர். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் மிகுதி, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது அது விரைவில் வலுவிழக்கும். இரும்புப் பீரோவுக்குப் பின்னால் திசைவியை வைப்பதும், தகரக் கூரை வேய்ந்த அறையில் வாங்கியை வைப்பதும் பயனற்றவை.

ஈதர்நெட் கம்பியின் நீள எல்லை 100 மீட்டர். 100 மெகாபிட் இணைப்புக்கு நான்கு இணைக் கம்பிகளுள் இரண்டே போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கையால் முனை பொருத்திய கம்பியில் ஓர் இணை சரியாகப் பற்றவில்லை எனில் இணைப்பு கிகாபிட்டுக்கும் 100 மெகாபிட்டுக்கும் இடையே ஊசலாடும். துளையின் அருகிலுள்ள விளக்கு அணைந்து அணைந்து எரிவது இதன் அடையாளம்.

மின்தடை, இடி, வெப்பம்

2012 ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் சென்னைக்கு வெளியே உள்ள பல வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின. நீண்ட மின்வெட்டு பின்னர் குறைந்தாலும், நொடிப் பொழுது மின்தடையும், கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும்போது ஏற்படும் மின்னழுத்தச் சரிவும் எஞ்சியுள்ளன. சாதாரண நிலையில் இயங்கும் இன்வெர்ட்டர் மின்சாரம் நின்றதும் மாறுவதற்குச் சில பத்து மில்லிநொடிகள் எடுத்துக்கொள்கிறது. மின்விசிறிக்கு இது தெரியாது. திசைவியும் வழங்கியும் மறுதொடக்கமாகிவிடக்கூடும். இன்வெர்ட்டரில் யுபிஎசு நிலை இருப்பின் அதனைத் தேர்ந்தெடுக்கலாம். திசைவிக்கென்று விற்கப்படும் 12 வோல்ட்டுச் சிறு மின்கலப் பெட்டி இன்னும் மலிவான வழி. ராசுபெரி பையின் நினைவட்டை எழுதிக்கொண்டிருக்கும் போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே வழங்கியில் உள்ள பாடல்கள் அதற்கு வெளியே வேறொரு வட்டிலும் இருக்க வேண்டும்; ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பதிவுகளுக்கு இது கட்டாயம்.

நாமக்கல் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில், வீட்டிலிருந்து கோழிப்பண்ணை அறைக்கோ மோட்டார் அறைக்கோ செப்புக் கம்பியை வெளியே இழுத்திருப்பதுண்டு. கோடை மழையின்போது அருகில் மின்னல் விழுந்தால், கம்பியில் நேரடியாக விழாவிட்டாலும், அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனைகளிலும் உள்ள துளைகளைக் கருக்கிவிடும். திசைவி இயங்கிக்கொண்டே ஒரு துளை மட்டும் செத்திருந்தால் இதனை ஐயுறலாம். கட்டடங்களுக்கு இடையே ஒளியிழையை இழுத்து இரு முனைகளிலும் மாற்றிப் பெட்டிகளைப் பொருத்துவதே பாதுகாப்பானது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது.

சேலத்துச் சித்திரை வெயிலில் பரணின் மேல், மூடிய பெட்டிக்குள் வழங்கியை வைக்கக் கூடாது. ராசுபெரி பையின் செயலி 80 பாகை செல்சியசை எட்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிற்பகலில் மட்டும் திக்கி, இரவில் ஒழுங்காக ஒலிக்கும் வழங்கியில் முதலில் பார்க்க வேண்டியது இது.

வீட்டுக்கு வெளியிலிருந்து அணுகல்

வெளியூரிலிருந்து பாடல் கேட்கத் திசைவியில் போர்ட்டைத் திறந்துவிடுவது பழைய முறை. இன்று பல இணைப்புகளில் இது பலிப்பதில்லை. திசைவியின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், சேவையாளர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார் என்று பொருள். வெளியிலிருந்து வரும் அழைப்பு வீட்டை அடையாது. பொது முகவரி உள்ள இடத்திலும், கடவுச்சொல் வலுவற்ற வழங்கியைத் திறந்த இணையத்தில் வைப்பது இடர் மிக்கது. வயர்கார்டு போன்ற மறைகுறியிட்ட தனிப்பாதை வழியே நுழைவதே ஏற்றது. பகிரப்பட்ட முகவரி உள்ள வீட்டில் இதற்கு ஐபி பதிப்பு 6 அல்லது வெளியில் உள்ள ஓர் இடைநிலை வழங்கி தேவைப்படும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு என்பதால், வணிகப் பாடல்களைப் பொதுவில் திறந்து வைப்பது சட்டச் சிக்கலையும் உண்டாக்கும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

வலையமைப்பு சீராக இருந்தும் குறிப்பிட்ட சில பாடல்கள் மட்டும் ஒலிக்காமலிருப்பதுண்டு. தமிழில் பெயரிட்ட கோப்புகளில் இது நேர்கிறது. யூனிகோடில் "கொல்லிமலை" என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மாக் கணினிகளின் எச்எப்எசு பிளசு கோப்பு முறைமை இரண்டாம் வடிவிலேயே சேமிக்கும். அங்கிருந்து லினக்சு வழங்கிக்கு நகலெடுத்த கோப்பை, முதல் வடிவில் எழுதப்பட்ட பாடல் பட்டியல் தேடினால் கோப்பு இல்லை என்ற மறுமொழியே வரும். பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றும் நிரல்கள் உள்ளன.

லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டு எல்லை. யூடிஎப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு தேவை என்பதால் 85 குறிகளே கொள்ளும். "சேலம்" என்ற சொல்லே ஐந்து குறிகள். படம், பாடகர், பல்லவி ஆகிய அனைத்தையும் பெயரில் அடைத்த கோப்பு விண்டோசில் திறக்கும். வழங்கிக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படும். பலர் இதனை வலையமைப்புப் பிழை என்றே கருதிக் கம்பியை மாற்றுகின்றனர். திசுக்கி குறியாக்கத்தில் பாடல் விவரம் எழுதப்பட்ட 2000களின் எம்பி3 கோப்புகள் வழங்கியில் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றும். அவை கெட்டுப்போகவில்லை, குறிமாற்றியில் இட்டால் தமிழ் மீளும்.