கொமில்லாவும் ஓரங்கியும்

ஐ.சி.எஸ். என்னும் மூன்றெழுத்துக்கு வெள்ளையர் ஆட்சியில் இருந்த மதிப்பை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாவட்டத்தையே ஆளும் அப்பதவியை ஒருவர் தாமாகத் துறந்து, பூட்டுச் செய்யும் பட்டறையில் தொழில் பழகச் சென்றார் என்றால் நம்புவது அரிது. 1914-ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்த அக்தர் ஹமீத் கான் அவர்கள் அதைத்தான் செய்தார்கள். வங்காளத்தில் அதிகாரியாக இருந்தபோது, 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அரசு கையாண்ட முறை அன்னாரின் உள்ளத்தை உறுத்தியது. பதவியை உதறிவிட்டு அலிகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தார்கள். பின்னர் டில்லி ஜாமியா மில்லியாவில் ஆசிரியப் பணி. 1950-க்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானில் கொமில்லா நகரின் விக்டோரியாக் கல்லூரியில் முதல்வர் பணி.

பிறருக்குக் கற்பிக்க விரும்புவோன் முதலில் அவர்களிடம் கற்க வேண்டும் என்னும் பாடத்தைப் பட்டறையில் பெற்றவர், அதை ஒரு நிறுவனத்தின் நடைமுறையாகவே ஆக்கிக் காட்டிய வரலாறு கொமில்லாவில் தொடங்குகிறது.

அதிகாரிகளுக்கு ஒரு பள்ளி

1959-ஆம் ஆண்டு கொமில்லாவில் கிராம வளர்ச்சிக்கான பயிற்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. கான் அவர்கள் அதன் தலைமையை ஏற்றார்கள். அரசு அதிகாரிகளுக்குக் கிராம முன்னேற்றம் பற்றிப் போதிப்பதே அதன் நோக்கம். ஆனால் போதிக்க வந்தவர்களோ பட்டம் பெற்ற பேராசிரியர்கள்; நாற்றங்காலில் கால் வைத்தறியாதவர்கள். புத்தகத்தைக் கொண்டு பாடம் நடத்தினால் அதிகாரிக்கும் பயனில்லை, உழவனுக்கும் பயனில்லை என்று கான் அவர்கள் கண்டார்கள். ஆகவே கழகத்தைச் சூழ்ந்திருந்த கொத்வாலி தானா என்னும் ஏறத்தாழ நூறு சதுர மைல் பகுதியை அரசிடம் கேட்டுப் பெற்று, அதனையே ஆய்வுக்களமாக்கினார்கள். ஆசிரியர்கள் ஊர்களுக்குச் சென்றனர்; உழவர்களிடம் கேட்டனர்; கேட்டதைக் கொண்டு திட்டம் வகுத்தனர்; பிழை கண்டபோது திருத்தினர்.

அதற்கு முன்பும் கிராம சேவகர்கள் இருந்தனர். அரசு ஊதியம் பெறும் வெளியூர் இளைஞர் ஒருவர் வந்து எருவைப் பற்றியும் விதையைப் பற்றியும் பேசுவார். ஊரார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பழையபடியே பயிர் செய்வார்கள். கொமில்லா இம்முறையைத் தலைகீழாக்கியது. ஒவ்வோர் ஊரிலும் உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம்முள் நம்பிக்கைக்குரிய ஒருவரை மேலாளராகத் தேர்ந்தனர். அவர் வாரந்தோறும் கழகத்துக்கு வந்து பூச்சிக்கு மருந்து, கணக்கெழுதும் முறை, நீர்ப் பாய்ச்சல் என ஒவ்வொன்றாகக் கற்றார். ஊர் திரும்பியதும் வாரக் கூட்டத்தில் அதனைத் தம்மவர்க்கு எடுத்துரைத்தார். உறுப்பினர்கள் எழுப்பிய ஐயங்களைச் சுமந்துகொண்டு மறுவாரம் மீண்டும் வந்தார். ஊர்ச் சங்கங்களையெல்லாம் இணைக்கும் மத்திய சங்கம் கடனும் இயந்திரமும் வழங்கியது. கடன் வேண்டுவோர் தவறாது சேமிக்கவும் கூட்டத்துக்கு வரவும் வேண்டும் என்பது விதி.

இம்முறையின் உயிர்நாடி அந்த வாரப் போக்குவரத்தே. அறிவு ஊருக்குச் சென்றது. ஊரின் அனுபவம் கழகத்துக்கு வந்தது. இரண்டையும் சுமந்தவர் ஊராரில் ஒருவர். சொல்வது பலிக்காவிட்டால் மறுநாள் அதே வரப்பில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர். வெளியூர்ச் சேவகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கற்பிக்கும் பொறுப்பு உழவரோடு நிற்கவில்லை. கிராமப் பள்ளிவாசல் இமாம்கள் எழுத்தறிவு புகட்டும் ஆசிரியர்களாயினர். 1960-களின் தொடக்கத்தில் பெண்களும் கழகத்துக்கு வந்து பயின்று தம் ஊர்ப் பெண்களுக்குக் கற்பித்தனர். கோஷா முறை வேரூன்றிய அந்நாளைய கிராமங்களில் இது எளிதில் நடந்த காரியமன்று.

கொமில்லாவுக்கு அருகிலிருந்த பல்ராம்பூரில் முகம்மது யாசீன் என்பவர் தேநீர்க் கடை வைத்திருந்தார். 1960-ஆம் ஆண்டு அக்டோபரில் அவரும் ரிக்‌ஷா இழுப்போர் சிலருமாக ஒன்பது பேர் கூடி, ஆளுக்கு ஓர் அணாவாக ஒன்பது அணாவை முதலாக வைத்துத் ‘தீதார்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். கான் அவர்களின் அறிவுரை அவர்களுக்கு ஊக்கமாயிற்று. வாடகை ரிக்‌ஷா இழுத்தவர்கள் காலப்போக்கில் சொந்த ரிக்‌ஷா வாங்கினர்.

பெருகியதால் வந்த குறை

கொமில்லாவின் வெற்றி அரசின் கண்ணில் பட்டது. நாடெங்கும் இதனைப் பரப்ப எண்ணினர். வங்காளதேசம் பிறந்தபின் 1970-களில் தானா தானாவாகச் சங்கங்கள் முளைத்தன. எண்ணிக்கை பெருகிய வேகத்தில் பயிற்சி பெருகவில்லை. வாரக் கூட்டம் பல இடங்களில் ஏட்டளவில் நடந்தது. நிலமும் செல்வாக்கும் உடையோர் மேலாளர் பொறுப்பைக் கைப்பற்றினர், கடன் அவர்கள் பக்கமே சென்றது, திரும்பி வரவில்லை. சங்கத்தின் அமைப்பைப் படியெடுத்தவர்கள், அதற்கு உயிரூட்டிய கற்கும் பழக்கத்தைப் படியெடுக்கத் தவறினர். கான் அவர்கள் அப்போது அங்கில்லை. 1971-ஆம் ஆண்டின் பிளவு அவரை மேற்கே கொண்டு சேர்த்திருந்தது.

சந்துக்கு ஒரு மேலாளர்

1980-ஆம் ஆண்டு, பிறர் ஓய்வெடுக்கும் வயதில், கராச்சியின் ஓரங்கிக் குடியிருப்பில் அவர் மீண்டும் தொடங்கினார். அரசின் அனுமதியின்றி எழுந்த பெருங்குடியிருப்பு அது. எடுப்புக் கக்கூசும், சந்தில் தேங்கும் கழிவுநீரும், அதனால் பிள்ளைகளுக்கு வரும் நோயும் அன்றாட வாழ்வாயிருந்தன. முதல் சில மாதங்கள் அவர் தெருத் தெருவாக நடந்து மக்களை விசாரித்தார். சாக்கடை அமைப்பது அரசின் கடமை, அதை இலவசமாகச் செய்து தரவேண்டும் என்று அவர்கள் கூறினர். அரசு கேட்கும் செலவோ ஏழைகளுக்கு எட்டாதது.

செலவு ஏன் இவ்வளவு என்று ஆராய்ந்தபோது, ஒப்பந்தக்காரரின் இலாபமும் கையூட்டும், தேவைக்கு மிஞ்சிய வடிவமைப்பும் அதில் பெரும்பங்கு என்பது புலனாயிற்று. அவற்றை நீக்கினால் ஒவ்வொரு குடும்பமும் தாங்கக்கூடிய தொகையே மிஞ்சியது. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து ஓர் அலகாயிற்று. சந்தார் தம்முள் ஒரு மேலாளரைத் தேர்ந்து, தாமே பணம் திரட்டி, தாமே குழி வெட்டினர். ஓரங்கி முன்னோடித் திட்டம் என்ற அந்நிறுவனம் அவர்களின் பணத்தைத் தொடவே இல்லை. நில அளவை, வரைபடம், செலவுக் கணக்கு, கருவி, அறிவுரை ஆகியவற்றை மட்டும் வழங்கியது.

தொடக்கத்தில் குறைகள் நேர்ந்தன. காங்கிரீட் கலக்கும் அளவையும், அதற்குத் தண்ணீர் ஊற்றி இறுகவிடும் முறையையும் பலர் அறியாததால் வேலை தரமாக அமையவில்லை. கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹஸன் அவர்கள் துணையோடு குறைகளை ஆராய்ந்தனர். மக்கள் மீது பழி சுமத்தாமல், தம் பயிற்றுமுறையில் எங்கே பிசகு என்று பார்த்தனர். ஆள்நுழை குழிகளுக்கு எளிய அச்சுகள் செய்யப்பட்டன; வழிகாட்டல் திருத்தப்பட்டது. ஒரு சந்தின் வெற்றியைக் கண்ட அடுத்த சந்தார் தாமே தேடி வந்தனர். வீடு, சந்து, அதற்கடுத்த கால்வாய் வரை மக்கள் பொறுப்பு. தலைமைக் கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்னும் பங்கீடு அங்கே உருவாயிற்று. ஓரங்கியில் 90,000-க்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு வசதி பெற்றன. 2006-ஆம் ஆண்டு பாகிஸ்தானின் தேசியத் துப்புரவுக் கொள்கை இப்பங்கீட்டை ஏற்றது.

மாணவர்கள்

1983-ஆம் ஆண்டு பர்வீன் ரஹ்மான் என்னும் இளம் கட்டடக் கலைஞர் இத்திட்டத்தில் சேர்ந்தார். அவரும் பிறர்க்குக் கற்பிப்பவராக வளர்ந்தார். ஓரங்கிப் பகுதி இளைஞர்களுக்கு நில அளவையும் வரைபடமும் பயிற்றுவித்தார். அவர்கள் கால்வாய்களை வரைந்தபோது, மக்கள் தாமே எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. நகரின் ஓரத்துச் சிற்றூர்களை வரைந்தபோது, குடியிருப்போரின் நில உரிமைக்கு அது சான்றாயிற்று. திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுக்கும் இடங்களையும் அவ்வரைபடங்கள் காட்டிக்கொடுத்தன. கற்றுக்கொடுப்பது சிலருக்குப் பகையும் ஆகும். 2013-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பயிற்றுவித்த இளைஞர்கள் இருந்தமையால் பணி நின்றுவிடவில்லை.

கான் அவர்கள் 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார்கள். அன்னாரின் பெயர் கொமில்லாவின் உயர்வுக்கும் பின்னர் வந்த அதன் சரிவுக்கும் சேர்த்தே பேசப்படுகிறது. ஆயினும் ஓர் ஆசிரியரை எடைபோட வேறொரு தராசும் உண்டு. அரசுப் பணிக்கான மகசேசே விருதை அவர் 1963-ஆம் ஆண்டு பெற்றார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1988-ஆம் ஆண்டு, சமுதாயத் தலைமைக்கான மகசேசே விருதைப் பெற்றவர், ஒன்பது அணாவோடு சங்கம் தொடங்கிய அந்தத் தேநீர்க் கடைக்காரர் முகம்மது யாசீன்.