மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

போன மாதம் ஜமுனாமரத்தூர் டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "எங்க ஊர்ப் பையன் ஒருத்தனுக்கு மொதல்ல காது மந்தமாச்சு. இப்ப கை சூம்பிக்கிட்டே போவுது. சாமி குத்தம்ங்கறாங்க. நெசமாங்க?" நான் மருத்துவன் இல்லை. ஆனால் இவை இரண்டும் சேர்ந்து வருவதைப் படித்த ஞாபகம். வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன்.

தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதுதான் மோட்டார் நியூரான் நோய். பெரும்பாலும் நடுவயது தாண்டி வரும், சில ஆண்டுகளில் மூச்சையும் முடக்கிவிடும். 1970ல் மெட்ராஸ் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 'நியூராலஜி இந்தியா' இதழில் எழுதியது வேறு மாதிரி. சிறுவயதிலேயே ஆரம்பம். கைகால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், பலருக்குக் காது கேட்காது. ஆனால் நோய் மெதுவாகத்தான் நகரும்; பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 36 ஆண்டுகளில் தாங்கள் பார்த்த 116 பேரைப் பற்றி 2008ல் எழுதினார்கள்.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது, அதனால் அந்தப் பெயர். நோயாளிகள் தென்னிந்தியா முழுக்க இருந்தார்கள். மலையை விட்டு இறங்காதவர் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்க மாட்டார்.

மருந்து? காது கேளாமையோடு வரும் இன்னொரு அரிய நோய் உண்டு: பிரவுன்-வியாலெட்டோ-வான் லேர். வைட்டமின் பி2வை, அதாவது ரைபோஃபிளேவினை, செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணுவில் பழுது என்று 2010ல் தெரியவந்தது. அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுக்க, பலர் தேறினார்கள். அப்படியானால் மெட்ராஸ் நோயும் இதுதானோ? நிம்ஹான்ஸின் நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2013ல் விடை வந்தது: அந்தப் பழுது இல்லை, இது வேறு நோய். குணமாக்கும் மருந்து இதற்கு இன்றும் இல்லை.

ஆனால் வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு வைட்டமின் பலருக்குப் பலன் தரும். எது என்று சோதித்தால்தான் தெரியும்.

அடுத்த முறை போனபோது பெரியவரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்: "சாமி குத்தம் இல்லீங்க. வேலூருக்கோ சென்னைக்கோ நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கையை மட்டும் காட்டிட்டு வந்துராதீங்க, காது கேக்காததையும் மறக்காமச் சொல்லுங்க."