தறியை நிறுத்திய சிலந்தி

எங்க அம்மாயிக்கு ஜலகண்டாபுரம். அவங்க கணுக்கால்ல காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும். கேட்டா, "சிலந்தி, கண்ணு"ன்னு சொல்வாங்க. எட்டுக்கால் பூச்சி கடிச்சதுன்னே ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன்.

அது நரம்புச் சிலந்தி. சிலந்தியும் இல்ல, நரம்பும் இல்ல, புழு. படிக்கிணத்துத் தண்ணியில் சைக்ளாப்ஸ்னு ஒரு துளி உயிரி இருக்கும். அதுக்குள்ள புழுக்குஞ்சு. அந்தத் தண்ணியைக் குடிச்சு ஏறத்தாழ ஒரு வருஷம் கழிச்சு, ஒரு மீட்டர் வரைக்கும் வளர்ந்த பெண்புழு கால்ல கொப்புளம் போட்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காம காலைத் தண்ணியில் வைப்பாங்க. புழுவுக்கு வேண்டியதும் அதுதான். குஞ்சுகளை அங்கேயே விட்டுடும். படியிறங்கித் தண்ணி மொள்ளுற கிணறுன்னா கேக்கவே வேணாம்.

இதுக்கு மருந்து இன்னிக்கும் கிடையாது. குச்சியில் சுத்தி, தினம் கொஞ்சமா இழுக்கணும். அறுந்தா சீழ் பிடிச்சுடும். வாரக்கணக்கா குழித்தறி மிதிக்க முடியாது. மிதிக்கலன்னா கூலி இல்ல. அம்மாயி வலியைப் பத்திப் பேசினதே இல்ல, நின்னுபோன தறியைத்தான் சொல்வாங்க.

எனக்கு உறுத்துறது வேற. தண்ணியைத் துணியில் வடிகட்டினாலே சைக்ளாப்ஸ் சிக்கிடும். ஊரே துணி நெய்யுற ஊர்! அதை அப்போ அவங்களுக்குச் சொல்ல ஆளில்ல.

1980களில் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்துச்சு: படிக்கிணறுகளை மாத்தினாங்க, கைப்பம்பு போட்டாங்க, நோயாளிகளைத் தேடிப் போனாங்க. கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்துச்சு.

இதை அம்மாயிகிட்ட சொன்னேன். "அப்படியா"ன்னுட்டு, குடத்து வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைச் சரிபண்ணிவிட்டாங்க.